பிடித்து நிறுத்தும் இடுக்கி: பழைய கார்களின் டிஸ்க் பிரேக்கும் அதைப் புதுப்பிக்கும் தொழிலும் – ஒரு வரலாற்றுப் பார்வை

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்க நண்பர்கள், "கல்வெட்டு, கோயில், பழைய சுவடி என்று ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். அவற்றை எழுதத் தகுந்த பேராசிரியப் பெருமக்கள் இந்தத் தலைநகரிலேயே பலர் இருக்கிறார்கள். நான் வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து டில்லிக்கு வந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காஷ்மீரி கேட்டில் கார் உதிரி பாகம் விற்கிறவன். படித்ததெல்லாம் கடைக்கு வந்த பழைய ஒர்க்‌ஷாப் மேனுவல்களும், ஞாயிற்றுக்கிழமை தரியாகஞ்ச் நடைபாதையில் எடைக்கு வாங்கிய புத்தகங்களும்தான். ஆகவே எனக்குத் தெரிந்த சரித்திரத்தையே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஓட்டத்தைப் பற்றிய சரித்திரம் நிறைய இருக்கிறது. யார் வேகமாகப் போனார், எந்த எஞ்சினுக்கு எத்தனை குதிரைச் சக்தி என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். நிறுத்துவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நிறுத்த முடியும் என்ற தைரியம் இருந்தால்தான் வேகமாகப் போகவே முடியும். அந்தத் தைரியத்தைக் கொடுக்கிற சாமான் ஒன்று, கையகல வார்ப்பிரும்புத் துண்டு, சக்கரத்துக்குப் பின்னால் அழுக்கேறிக் கிடக்கிறது. அதன் பெயர் காலிப்பர். ஐம்பது அறுபது வயதான ஒரு காலிப்பரைக் கழற்றி, சுத்தம் செய்து, மீண்டும் உயிர் கொடுப்பது எப்படி, அந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரை. இதில் என் சொந்தப் பாவம் ஒன்றும் இருக்கிறது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

பெயர் வந்த வழி

பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் வெர்னியர் காலிப்பரைப் பிடித்து உருளையின் விட்டத்தை அளந்தது நினைவிருக்கும். இரண்டு தாடைகள், நடுவில் பொருள். பிரேக் காலிப்பரும் அதே உருவம்தான். தச்சரின் கவராயமும் தட்டாரின் இடுக்கியும் இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். சக்கரத்தோடு சுழலும் ஒரு வட்டத் தகடு, அதாவது டிஸ்க். அதன் விளிம்பின்மேல் சேணம்போல் உட்கார்ந்திருக்கும் காலிப்பர். பிரேக்கை மிதித்தால் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன்கள் இரண்டு பக்கமும் பேடுகளைத் தள்ளித் தகட்டை இறுக்கிப் பிடிக்கும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இந்த இவ்வளவுக்கு அறுபது ஆண்டுகள் பிடித்தன.

லாஞ்செஸ்டரும் விளக்கெண்ணெயும்

தகட்டை இடுக்கி நிறுத்தும் யோசனைக்கு 1902-லேயே காப்புரிமை பெற்றவர் பிரடெரிக் லாஞ்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். பர்மிங்ஹாமில் கார் செய்தவர். பிற்பாடு விமானம் பறக்கும் கணக்கையும் எழுதியவர். அவருடைய பிரேக்கில் உலோகத்தோடு உலோகம் உரசியது. கிறீச்சென்று காது கிழியும் சத்தம். மண் ரோட்டுப் புழுதியில் சீக்கிரம் தேய்மானம். உராய்வுப் பூச்சு செய்வதில் கைதேர்ந்தவர், ஃபெராடோ நிறுவனத்தைத் தொடங்கிய ஹெர்பர்ட் ஃப்ரூட். அவர் கல்நார் கலந்த பூச்சைக் கொண்டுவந்த பிறகு சத்தம் அடங்கியது. ஆனால் அதற்குள் உலகம் டிரம் பிரேக் பக்கம் போய்விட்டது.

அடுத்த படி எண்ணெய். மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்துப் பாஸ்கல் கண்டார். 1795-ல் ஜோசப் பிராமா அதை வைத்து நீரழுத்த யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மிதிக்கும் இடத்தில் ஒரு பங்கு பரப்பு, சக்கரத்தில் நான்கு பங்கு பரப்பு என்றால், காலின் பலம் அங்கே நான்கு மடங்காகும். இதைக் காருக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மால்கம் லாஃகெட். அந்தப் பெயரைத்தான் பிற்பாடு லாக்ஹீட் என்று மாற்றி எழுதினார்கள். 1921-ல் ட்யூசன்பர்க் கார் நான்கு சக்கரத்திலும் இந்த எண்ணெய் பிரேக்கோடு வந்தது. 1924-ல் கிரைஸ்லர் அதைப் பெருவாரியாகக் கொண்டுவந்தார்.

லாஃகெட்டின் முதல் அமைப்பில் எண்ணெய் கசியாமல் தடுத்தது பதப்படுத்தாத தோல். அது காய்ந்து சுருங்கி ஒழுகும். கிரைஸ்லரின் பொறியாளர்கள் தோலை எடுத்துவிட்டு ரப்பரைப் போட்டார்கள். தோல் வியாபாரம் எங்கள் குடும்பத்தில் ஆகாது. அன்றைக்கு ரப்பர் வந்திராவிட்டால் நான் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க முடியாது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ரப்பர் வந்ததும் இன்னொரு கட்டாயம் வந்தது. பூமியிலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய் இயற்கை ரப்பரை ஊதவைத்து அழித்துவிடும். ஆகையால் அந்த நாளைய பிரேக் ஆயில், ஆமணக்கு எண்ணெயையும் சாராயத்தையும் கலந்து செய்யப்பட்டது! நம் பாட்டிமார் குழந்தைக்கு மாதம் ஒருமுறை வாயைப் பிளந்து ஊற்றினார்களே, அதே விளக்கெண்ணெய்தான். எங்க ஊரில் மாட்டு வண்டி அச்சுக்கு வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து மை போடுவார்கள். ஓடுகிற வண்டிக்கும் அது, நிற்கிற வண்டிக்கும் அது. காஸ்ட்ரால் என்ற புகழ்பெற்ற பெயரே ஆமணக்குக்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான். பின்னாளில் பிரேக் ஆயில் கிளைகால் வகைக்கு மாறியது. ஆனால் "பிரேக் ரப்பரில் கனிம எண்ணெய் படக்கூடாது" என்ற விதி மட்டும் மாறவில்லை. இந்த விதியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். என் கதைக்கு அது தேவைப்படும்.

வெப்பம் கொடுத்த பாடம்

பிரேக் செய்கிற வேலை, ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை நின்றால் பிறக்கும் சூடு, ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் அத்தனை பேருக்கும் காபி போட்டுவிடலாம். டிரம் பிரேக்கில் இந்தச் சூடு மூடிய சட்டிக்குள் அடைபடுகிறது. சூடேறிய டிரம் விரிந்து, உள்ளிருக்கும் ஷூவை விட்டு விலகிப் போகிறது. மலைப்பாதையில் இறங்க இறங்க மிதி ஆழமாகும், பிடிப்பு குறையும். டிஸ்க் திறந்த காற்றில் சுழல்கிறது. சூட்டில் தடித்தாலும் பேடை நோக்கித்தான் தடிக்கும்.

இந்த உண்மையை முதலில் நன்றாகப் பயன்படுத்தியவர்கள் விமானக்காரர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வளர்ந்த அந்த அனுபவம், போருக்குப் பின் காருக்கு இறங்கியது. அமெரிக்காவில் 1949-ல் கிராஸ்லி என்ற சின்னக் காரில் விமான வகை டிஸ்க் பிரேக்கைப் போட்டுப் பார்த்தார்கள். பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு காலிப்பரை அரித்து இறுக்கிவிட்டது, சீக்கிரமே கைவிட்டார்கள். காலிப்பருக்கு எதிரி வேகமல்ல, உப்பும் ஈரமும்தான் என்று அன்றே தெரிந்துவிட்டது.

இங்கிலாந்தில் டன்லப் நிறுவனமும் ஜாகுவார் நிறுவனமும் சேர்ந்து விடாமல் சோதனை செய்தன. 1952-ல் பிரான்சின் ரீம்ஸ் நகரப் பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸ் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவாரில் ஜெயித்தார். மறு ஆண்டு, 1953 ஜூன் மாதம், லே மான் 24 மணி நேரப் பந்தயம். டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இருவரும் ஓட்டிய ஜாகுவார் சி-டைப், மணிக்கு 105 மைலுக்கு மேற்பட்ட சராசரியில் முதலாவதாக வந்தது. அந்தப் பந்தயத்தில் 100 மைல் சராசரியைத் தாண்டிய முதல் வெற்றி அதுவே. இரண்டாவதும் நான்காவதும்கூட ஜாகுவார்தான். நேர்ச்சாலையின் கோடியில் மற்றவர்கள் பிரேக்கில் கால் வைத்த பிறகும் இவர்கள் இன்னும் கொஞ்ச தூரம் வேகமாகப் போக முடிந்தது. கடைசியில் நிற்கத் தெரிந்ததால்தான் முதலில் வந்தார்கள்.

அதன் பின் மளமளவென்று எல்லோரும் வந்தார்கள். 1955-ல் சிட்ரோவன் டி.எஸ்., 1956-ல் கிர்லிங் காலிப்பரோடு டிரயம்ப் டி.ஆர். 3, 1959-ல் நான்கு சக்கரத்திலும் டிஸ்க்கோடு ஜாகுவார் மார்க் 2, 1962-ல் எம்.ஜி.பி. இன்றைக்குக் 'கிளாசிக்' என்று கொண்டாடப்படும் கார்களில் பல இந்த வரிசையைச் சேர்ந்தவை.

இரண்டு ஜாதிக் காலிப்பர்கள்

பழுது பார்க்கிறவனுக்கு இங்கே ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. ஆரம்ப கால டன்லப் காலிப்பரில் சிலிண்டர்கள் தனித்தனியாக வெளியே போல்ட்டு போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். இரண்டையும் ஒரு சிறு குழாய் இணைக்கும். ரப்பர் சீல், பிஸ்டனோடு ஒட்டிக்கொண்டு சிலிண்டரின் உள்சுவரை வழித்தபடி போய் வரும். மிதியை விட்டதும் பிஸ்டனைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்க நடுவில் ஓர் ஊசியும் அதைக் கவ்வும் புஷ்ஷும் இருக்கும். நல்ல வேலைப்பாடுதான். ஆனால் உள்சுவரில் ஒரு துளி துரு ஏறினாலும் சீல் கிழியும்.

பின்னால் பரவிய கிர்லிங், லாக்ஹீட் வகையில் இந்த ஊசியெல்லாம் இல்லை. சிலிண்டர் சுவரில் ஒரு காடி வெட்டி, அதில் சதுர வெட்டுள்ள ரப்பர் வளையத்தை உட்கார வைத்தார்கள். பிஸ்டன் அதன் நடுவே போகும். மிதித்தால் பிஸ்டனோடு ரப்பரும் கொஞ்சம் சாயும். விட்டால் ரப்பர் தன் பழைய நிலைக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொள்ளும். கால் மில்லிமீட்டருக்கும் குறைவான இழுப்பு. பேடு தகட்டை விட்டு விலக அதுவே போதும். ஆக, அந்த வளையம் எண்ணெயையும் தடுக்கிறது, ஸ்பிரிங்காகவும் வேலை செய்கிறது. சில ரூபாய் ரப்பருக்கு இரண்டு உத்தியோகம்.

டில்லிக்கு வந்த டிஸ்க்

நம் நாட்டில் அந்தக் காலத்தில் ஓடிய அம்பாசடரும் ஃபியட் 1100-ம் டிரம் பிரேக் வண்டிகள். முழுக் காராக வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வது 1950களில் பெரும்பாலும் நின்றுபோனது. அப்படியானால் டிரயம்பும் ஜாகுவாரும் மெர்சிடிஸும் எப்படி வந்தன? தூதரகங்கள் வழியாக. அயல்நாட்டுத் தூதர்கள் தங்கள் உபயோகத்துக்குக் கொண்டுவந்த கார்கள், அவர்கள் ஊர் திரும்பும்போது அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் மூலமாக இங்கே விற்கப்பட்டன. டில்லியில் இந்த வகைக் கார்கள் அதிகம் தங்கியதற்கு அது ஒரு காரணம். 1964 முதல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடத்தி வந்த பழங்கார் ஊர்வலத்தை நம் குடும்பங்கள் பலவும் வேடிக்கை பார்த்திருக்கும்.

கார் வந்தது, உதிரி பாகம் வரவில்லை. இங்கிலாந்தில் காலிப்பர் கெட்டால் கடையில் வேறு வாங்கிப் பூட்டுவார்கள். இங்கே 1991-க்கு முன் அந்த வசதி சாமானியருக்குக் கிடையாது. லண்டனிலிருந்து யாராவது பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தால்தான் உண்டு. ஆகவே காஷ்மீரி கேட் சந்துகளில் ஒரு பரம்பரை உருவாயிற்று. லேத்தில் பிஸ்டன் கடைவார்கள், அதற்குக் குரோம் முலாம் ஏற்றுவார்கள், அரித்த சிலிண்டரைக் குடைந்து பித்தளைக் குழாய் இறக்குவார்கள். பெரும்பாலோர் எழுதப் படிக்காதவர்கள். ஆனால் விரலால் தடவியே குழி எங்கே என்று சொல்வார்கள். இல்லாமைதான் இவர்களுக்குக் குரு.

நம் பக்கமும் ஒரு பெருமை சேர்க்க வேண்டும். டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் கூட்டாக 1962-ல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. கிர்லிங் என்ற பெயர் லூகாஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகையால் 'டி.வி.எஸ். கிர்லிங்' என்று அச்சிட்ட டப்பா டில்லிக் கடை அலமாரியிலும் ஏறியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷம் எனக்கு. ஆனால் அவர்கள் செய்தது நம் நாட்டு வண்டிகளுக்கான சாமான். தூதரகத்துப் பழங்காருக்கான சீல் அதில் கிடைக்காது.

நான் செய்த தவறு

1986-ஆம் ஆண்டு. கடை தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எங்கள் சந்தில் எல்லோரும் உஸ்தாத் என்று அழைக்கும் வயதான மெக்கானிக் ஒருவர், டிரயம்ப் 2000 காரின் முன் காலிப்பரிலிருந்து எடுத்த சீலைக் கொண்டுவந்தார். "லாலாஜி, இந்த அளவில் நான்கு வேண்டும்" என்றார். என்னிடம் அது இல்லை. இல்லை என்று சொல்ல வியாபாரிக்கு வாய் வராது. நீரழுத்த யந்திரங்களுக்குப் போடும் ஓ-ரிங் ஒரு பெட்டி இருந்தது. விட்டத்தை அளந்தேன், சரியாக இருந்தது. "இதுவும் ஹைட்ராலிக்குக்குத்தான், எண்ணெய்க்கு அசையாது" என்று சொல்லி விற்றேன். அவர் ஒரு கணம் தயங்கினார். என் பேச்சை நம்பி வாங்கிப்போனார்.

நான் செய்தது ஒன்றல்ல, இரண்டு தவறு. முதலாவது, அது உருண்டை வெட்டு, சதுர வெட்டல்ல. சாய்ந்து திரும்பி இழுக்கிற வேலை அதற்கு வராது. இரண்டாவது, அது நைட்ரைல் ரப்பர். கனிம எண்ணெய்க்கு அசையாதுதான். ஆனால் கிளைகால் பிரேக் ஆயிலில் அது ஊதும். மேலே சொன்ன விதியைத் தலைகீழாக்கினால் வருவது இது: எந்த எண்ணெய்க்கு எந்த ரப்பர் என்று பொருத்தம் பார்க்காமல் கல்யாணம் செய்யக்கூடாது. ஆழம் தெரியாமல் காலை விட்டேன். ஆனால் விட்டது என் கால் அல்ல, வேறொருவருடைய கால்.

மூன்று வாரம் கழித்து அந்தக் கார்க்காரர் மனைவி மக்களோடு முசூரி போயிருக்கிறார். டேராடூன் பக்கம் இறங்கும்போது, ஊதிய வளையம் பிஸ்டனைத் திரும்ப விடவில்லை. பேடு தகட்டை உரசிக்கொண்டே வந்தது. காலிப்பர் பழுக்கச் சூடாகி, உள்ளே ஆயில் கொதித்து ஆவியாயிற்று. திரவத்தை அழுத்தினால் பலம் போகும். ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும். மிதி தரை வரை போய்விட்டது. மனிதர் நிதானஸ்தர். கியரைக் குறைத்து, கைப் பிரேக்கை இழுத்து, மலைச்சுவர்ப் பக்கமாக உரசி நிறுத்தியிருக்கிறார். கதவு நசுங்கியது. உயிருக்கு ஒன்றுமில்லை.

உஸ்தாத் வந்தார். சத்தம் போடவில்லை. கசங்கிய செய்தித்தாளைப் பிரித்து நான்கு வளையங்களைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். நெல்லிக்காய்த் தொக்கு ஊறினதுபோல உப்பி, விரல் பட்டால் பிசுபிசுவென்று இருந்தன. "பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தன, லாலாஜி" என்றார். அவ்வளவுதான். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மறுத்தார். நசுங்கிய கதவுக்கு ஆன செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அந்த வாரம்தான் முதன்முதலாக ஒரு மேனுவலை எழுத்துக் கூட்டிப் படிக்க உட்கார்ந்தேன். என்னைப் படிக்க வைத்தது ஆசை இல்லை, பயம்.

புதுப்பிக்கும் முறை

பிறகு உஸ்தாதின் பட்டறையில் உட்கார்ந்து நான் பார்த்ததையும், மேனுவல்களில் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதல் வேலை, தூசியை ஊதாமல் இருப்பது. பழைய பேடுகளில் கல்நார் இருக்கும். அது நுரையீரலைத் தின்கிற நஞ்சு என்று பிற்பாடு தெரிந்து, பிரிட்டன் 1999-ல் அதை முழுக்கத் தடை செய்தது. ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். அடுத்து, கழற்றிய காலிப்பரை அதன் ரப்பர்க் குழாயிலேயே தொங்கவிடக் கூடாது. கம்பியால் கட்டித் தாங்க வேண்டும். காற்று வெளியேற்றும் நிப்பிள் துருப்பிடித்து உட்கார்ந்திருக்கும். அவசரப்பட்டு முறுக்கினால் உடைந்து, அரை நாள் வேலை இரண்டு நாளாகும். சூடு காட்டி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, பொறுமையாகத் திருக வேண்டும்.

பிஸ்டனை வெளியே எடுக்கக் காரின் பிரேக் மிதியையே பயன்படுத்துவது உத்தமம். கம்ப்ரஸர் காற்று வைத்தால் பிஸ்டன் குண்டுபோலப் பாயும். நடுவில் மரக்கட்டை வைக்க வேண்டும். விரலை வைக்கவே கூடாது. எங்கள் சந்தில் ஒரு பையன் விரல் நுனியை இழந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

பிஸ்டன் வெளியே வந்ததும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தூசி மறைப்பின் அடியில் ஈரம் தேங்கும் விளிம்பில்தான் முதலில் குரோம் உரியும். குழி விழுந்த பிஸ்டனை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மழுப்பக் கூடாது. முலாம் போனால் துரு இன்னும் வேகமாக வரும். அந்த நாளில் லேத்தில் புதிதாகக் கடைந்தார்கள். இப்போது துருப்பிடிக்காத எஃகு பிஸ்டன்கள் கிடைக்கின்றன. கிர்லிங் வகையில் சிலிண்டர் சுவரில் லேசான துருக்கறை இருந்தால் பாதகமில்லை. சீல் பிஸ்டன் மேல்தான் பிடிக்கிறது. ஆனால் சீல் உட்காரும் காடி மிகச் சுத்தமாக இருக்க வேண்டும். காடிக்குள் துருத் துகள் இருந்தால் அது சீலை உந்தி, பிஸ்டனை இறுக்கிவிடும். புது சீல் போட்டும் பிரேக் பிடித்துக்கொள்கிறதே என்று தலையில் கை வைப்பவர்கள் பலர் காடியைச் சுத்தம் செய்யாதவர்கள்தான். உஸ்தாத் இதற்கு ஸ்க்ரூ டிரைவரைத் தொட மாட்டார். மூங்கில் குச்சியைச் சீவி வைத்திருப்பார். இரும்பு கீறும், மூங்கில் கீறாது. டன்லப் வகையில் கணக்கு நேர் எதிர்: சுவரே கண்ணாடியாக இருக்க வேண்டும், இல்லையேல் குழாய் இறக்கித்தான் தீர வேண்டும்.

காலிப்பரின் இரு பாதிகளைப் பிரிக்கலாமா? கூடாது என்பது கிர்லிங், லாக்ஹீட் மேனுவல்களின் எச்சரிக்கை. இரண்டையும் சேர்க்கும் போல்ட்டுகள் சாதாரண போல்ட்டுகள் அல்ல. நடுவே எண்ணெய் கடக்கும் துவாரத்தில் ஒரு குட்டி வளையமும் உண்டு. வேறு வழியில்லாமல் பிரித்தால், அந்த வளையத்தையும் புதிதாகப் போட்டு, போல்ட்டை உரிய முறுக்கில் இறுக்க வேண்டும்.

கழுவுவதற்கு ஸ்பிரிட் அல்லது புது பிரேக் ஆயில். பெட்ரோல், டீசல், எஞ்சின் ஆயில் மூன்றும் வாசலோடு சரி. சீலைப் பிரேக் ஆயிலில் நனைத்தோ, ரப்பருக்கென்றே வரும் சிவப்புக் கிரீஸ் தடவியோ, விரலால் மட்டும் காடியில் உட்கார வைத்து, முறுக்கில்லை என்று சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும். பிஸ்டன் கைப்பலத்திலேயே நேராக இறங்கும். சுத்தியல் தேவைப்பட்டால் எங்கோ தப்பு. கடைசியாக, தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கிக் குமிழி நிற்கும் வரை காற்றை வெளியேற்றி, மிதி கல்லுப்போல் நிற்கிறதா என்று பார்த்து, முதலில் காலி மைதானத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இன்றைய நிலை

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது. அந்தப் பழங்கார்களுக்கான சீல் கிட் இங்கிலாந்திலிருந்து தபாலில் வருகிறது. கிளைகால் ஆயிலுக்கு ஏற்ற ஈபிடிஎம் ரப்பரில் செய்கிறார்கள். பித்தளைக் குழாய் இறக்கிய கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவிட்டன. உஸ்தாதும் இல்லை. அவர் மூங்கில் குச்சியால் செய்ததை எந்த மேனுவலிலும் நான் பார்க்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதி வைத்தேன்.

பழங்கார் நம்மில் எத்தனை பேரிடம் இருக்கப்போகிறது என்று கேட்கலாம். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் புதுக் காரின் முன் சக்கரத்துக்குள்ளும் அதே பிஸ்டனும் அதே சதுர வெட்டு வளையமும்தான் இருக்கின்றன. கிளைகால் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும். டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 வரை இறங்கிவிடலாம். அதே ஈரம்தான் உள்ளிருந்து பிஸ்டனையும் அரிக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுங்கள். கோடை விடுமுறைக்குக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சிம்லாவோ முசூரியோ கிளம்புமுன் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். மெக்கானிக் 'சீல் மாற்ற வேண்டும்' என்றால் விலை பேசுங்கள், தப்பில்லை. ஆனால் எந்த ரப்பர், எந்த ஆயிலுக்கு என்று ஒரு கேள்வி கேளுங்கள். கடைக்காரன் பதில் சொல்லத் திணறினால் வேறு கடைக்குப் போங்கள். அந்தக் கடை என்னுடையதாக இருந்தாலும் சரி.

அந்த நான்கு வளையங்களில் ஒன்றை இன்றும் கல்லாப்பெட்டியில் வைத்திருக்கிறேன். காய்ந்து வெடித்துவிட்டது. இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் என் மகன், "எதுக்குப்பா இந்தக் குப்பை?" என்று ஒருநாள் கேட்டான். மேலே எழுதியதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். அதன் பிறகு பெட்டியைத் துடைக்கும்போது அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, துடைத்ததும் திரும்ப உள்ளே வைக்கிறான்.